புளித்த இலைத் தண்ணீர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அது. மலாக்கா காஜா பெராங்கில் குடியிருந்தோம். மூத்தவள் அப்போது தவழும் பிள்ளை. நாத்தனார் கல்யாணத்துக்குச் சில மாதங்களே இருந்தன. என் பட்டு ரவிக்கையோ முழங்கைக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. "ரெண்டு ரவிக்கைய ஒட்டுப் போட்டுத் தைக்கலாமா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில் ஒரு பெண் வழி சொன்னாள். வேலியோரம் முளைக்கும் ஒரு இலையை இடித்துப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்து நுரை கட்டியதும் குடிக்க வேண்டுமாம். நாற்றம் குடலைப் பிடுங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் குடித்தேன். தேங்காய்ப்பால் கறியை ஒரு பிடி பிடித்தாலும் எண்ணெய் அப்படியே வெளியே போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கக்கூஸில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பைத்தியம் நான். ரவிக்கையும் ஏறியது.

அந்தி நேரத்தில் கண் மங்கியது. பிள்ளை பெற்ற அசதி என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் விளக்கேற்றும் முன் பிள்ளைக்குக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற கல் என்று நினைத்து அவளை உட்கார வைக்கக் குனிந்தேன்.

"ஐயோ! தக் நம்பாக் கா?"

கண் தெரியவில்லையா என்று அலறியது பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துபோன வம்சம், அவர் பேச்செல்லாம் மலாய்தான். அந்த ஐயோ மட்டும் நம்முடையது. ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டவர், என் கையை இழுத்துத் தடவிப் பார்க்க வைத்தார். அது கல் இல்லை, கிணற்றின் விளிம்பு. அங்கேயே உட்கார்ந்து கதறினேன்.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் எல்லாம் கேட்டுவிட்டு, "கொழுப்பு ஒடம்புல சேரலன்னா கண்ணுக்கு வேண்டிய சத்தும் சேராதும்மா" என்றார். இலைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எந்தக் கொழுப்பை விரட்டினேனோ அதையே மீன் எண்ணெயாகக் கரண்டியில் விழுங்கினேன். கண் மெல்லத் திரும்பியது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அதே இலையைச் செட்டி அம்மாள் வீட்டில் தினமும் மிளகாய்ச் சம்பலோடு பச்சையாகத் தின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

பல வருடம் கழித்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மகளிடம் கேட்டேன். "இலை மேல பழி போடாதம்மா. அதுல குடியிருக்கிற பாக்டீரியா ஊறல்ல பெருகி, கொழுப்பச் செரிக்கிற நொதியத் தடுத்திருக்கலாம். அளவு தெரிஞ்சா அதுவே மருந்தாகலாம்லா" என்றாள். அப்படி எத்தனையோ இலைகளை அவள் சோதித்துக்கொண்டிருக்கிறாளாம்.

அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் பாதிதான் கேட்டேன். அன்று கிணற்று விளிம்பில் நான் உட்கார வைக்கப் பார்த்த பிள்ளை இவள்தான் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை, இன்றும் முடிவதில்லை.