புள்ளி வைத்து அடித்த பொருளடக்கம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் திண்டுக்கல்லில் டாக்டர் பட்டம் வாங்கிய எத்தனையோ பேரின் ஆய்வேடு என் விரல் வழியாகத்தான் போனது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தலைப்பென்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவேன். பொருளடக்கத்தில் வரி வரியாகப் புள்ளி அடித்து, கடைசியில் பக்க எண் போடுவேன். எண்கள் நேராக நிற்க ஒரு புள்ளி கூட்டுவேன், ஒன்று குறைப்பேன். கழுத்து வலி அதில் வந்ததுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம். செம்பட்டியிலிருந்து கல்லூரி டீச்சர் ஒருவர் காலையிலேயே என் டைப்பிங் கடைக்கு வந்து நின்றார். அவருடைய ஆய்வேட்டை மதுரையில் கொடுக்க அன்று மாலைதான் கெடு. நெறியாளர் இரண்டாம் இயலில் ஐந்து பக்கம் சேர்க்கச் சொல்லிவிட்டாராம். சேர்த்தேன். அதற்குப் பின்னால் வந்த பக்க எண் அத்தனையும் தப்பாகிப் போனது.

"அண்ணே, ஹெட்டிங் ஸ்டைல் போட்டிருந்தா அதுவே நம்பரை மாத்திக்கிருமாமே?"

"எனக்கே சொல்லித் தர்றீங்களா டீச்சர்? செத்த நேரம் இருங்க, கையிலயே மாத்திருவேன்."

"போன தடவையும் செத்த நேரம்னுதான் சொன்னீங்க. மூணு பஸ் போயிருச்சு."

சரியென்று, பொருளடக்கத்தைத் தானே போட்டுத் தரும் பொத்தானை அமுக்கினேன். இதில் தலைப்பே இல்லை என்றது கம்ப்யூட்டர். நான் பார்த்துப் பார்த்து அடித்ததெல்லாம் அதற்கு வெறும் பெரிய எழுத்துதான். ஒவ்வொரு தலைப்பாகத் தேடிப் போய், இதுதான் தலைப்பு என்று அதற்குச் சொன்னேன். மறுபடி அமுக்கினேன். பொருளடக்கம் வந்தது, ஆனால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுண்ணே. அஞ்சு வருசம் படிச்சது அம்புட்டும் போச்சு."

குப்பையான ஒரு வரியை கிளிக் செய்து பார்த்தேன். பிறகுதான் பட்டது: பொருளடக்கத்துக்கென்று தனி பான்ட், அதாவது எழுத்துரு, இருக்கிறது; அது ஆங்கில பான்ட், அதில் நாங்கள் அடிக்கும் தமிழ் குப்பையாகத்தான் தெரியும். தமிழ் பான்ட்டுக்கு மாற்றியதும் எல்லா வரிகளும் சரியாகின. புள்ளிகளும் தாமாகவே நேராக நின்றன. ஒரு புள்ளிகூட நான் அடிக்கவில்லை.

அச்செடுத்து அட்டை போட்டுக் கொடுத்து, பஸ் வரை கூடப் போனேன்; டீச்சர் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஏறும்போது சொன்னார்: "வாரேண்ணே. இனி யாருக்கும் புள்ளி அடிக்காதீங்க."

கடைக்குத் திரும்பி நாற்காலியில் சாய்ந்தேன். அடுத்த ஆய்வேடு மேசையில் கிடந்தது. அதற்குப் பாதிப் புள்ளி ஏற்கனவே அடித்து வைத்திருந்தேன். அழிக்கவும் தெம்பில்லை.