அலுமாரிக்குள் போன பொடியன்

நீச்சல் குளத்து உடைமாற்றும் அறையில் மகள் இரும்பு அலுமாரியை அறைந்து சாத்திய சத்தத்தில், சிறுவயதில் நாங்கள் இருந்த செயின்ட்-மிஷேல் வீட்டுத் தொலைக்காட்சி கண்முன் ஒளிர்ந்தது.

அதில் ஒரு விசித்திரமான பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடர். வகுப்பறைக்குள் பனி கொட்டும். அதிபர் கூரையோடு ஒட்டி மிதப்பார். ஒருநாள் ஒரு பையன் தன் அலுமாரிக்குள் நுழைந்தான், திரும்பவில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைய செபமாலையில், ஊரில் காணாமற்போன மாமாவின் பெயரைச் சொன்ன கையோடு அம்மா சேர்த்தார்: "அந்த அலுமாரிக்குள்ள போன பொடியனுக்காகவும் மன்றாடுவம்."

"அம்மா, அது பகிடி நாடகம்."

"இருக்கட்டும். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாதானே."

அடுத்த வாரம் அவன் சொட்டச் சொட்ட நனைந்து, சட்டைப்பையில் மீனோடு வெளியே வந்தான். அம்மா கைதட்டினார். அன்று செபமாலையில் மாமாவின் பெயர் மட்டும் இருந்தது.

நீந்தி முடித்து வந்த மகள் அலுமாரியைத் திறந்தாள். அவள் பின்னால் நின்று நானும் உள்ளே எட்டிப் பார்த்தேன்.