இல்லாத ரோல்ஸ்

வரிக் கந்தோருக்குப் போவதற்கு மாமி மயில்பச்சைப் பட்டுச்சேலை உடுத்து வந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சேலைக்கு மேலே மறைந்த மாமாவின் பழைய குளிர்ச்சட்டை, காலில் பனிச் சப்பாத்து, கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் என்ன என்று கேட்டேன். ரோல்ஸ் என்றார். வரி அதிகாரிக்குச் சாப்பாடு கொண்டுபோனால் அதற்கு இந்த நாட்டில் வேறு பெயர் இருக்கிறது என்றேன். “வெறுங்கையோட ஒருத்தரிட்டையும் போய் எனக்குப் பழக்கமில்லை பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். மாமி என் கணவரின் தாய். பேர்லினில், நொய்கெல்ன் பக்கம் ஒரு சமையலறையை வாடகைக்கு எடுத்து, கறியை மாத் தோலில் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸும் பற்றிஸும் செய்து தமிழ்க் கடைகளுக்குக் கொடுத்துத் தனி ஆளாகத் தொழில் நடத்தியவர். இப்போது மாமி இல்லை. எனக்குச் சொந்தமாக ஒரு வரி ஆலோசனைக் கந்தோர் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் வருமானத்தை எப்படிக் குறைத்துக் காட்டலாம் என்றுதான் கேட்கிறார்கள். கூட்டிக் காட்டிய ஒரே மனுசி என்னுடைய மாமிதான்.

அது எங்கள் கல்யாணம் முடிந்த புதிது. நான் ஒரு வரி ஆலோசகரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். புது மருமகளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, வரிப் படிவம் நிரப்பத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். அதுவரை மாமி தன் கைப்படவே எழுதி அனுப்பிவந்தார். நான் அவருடைய பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஒழுங்குபடுத்திக் கணக்குப் போட்டு, கணினி வழியாக அனுப்பினேன். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமை. நான் பொத்தானை அழுத்த முன்னம் மாமி குளித்துவிட்டு வந்து கணினிக்குத் திருநீறு பூசினார். தொட்டால் பழுதாகிவிடும் என்று கத்தினேன். “பிள்ளையாருக்குப் பூசினால் பழுதாகிறாரோ?” என்று கேட்டார். இந்தப் பெண்ணோடு வாழ்க்கை நடத்துவது எப்படி என்று அன்றைக்கே யோசித்தேன்.

திருநீறு வேலை செய்யவில்லை. நான் அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. முந்தைய ஆண்டு சொன்ன வருமானத்தில் இந்த ஆண்டு பாதிகூட இல்லை, ஆனால் மாவும் எண்ணெயும் இரண்டு வருடமும் ஒரே அளவில்தான் வாங்கப்பட்டிருக்கின்றன, நேரில் வந்து விளக்கம் தரவும் என்று கடிதம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கந்தோரில் நான் செய்து கொடுத்த ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. கடிதத்தைக் கொண்டுபோய் மாமியின் முன்னால் வைத்து, போன வருடம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். மாமி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவே இல்லை.

“போன வருசம் என்ர சீட்டு விழுந்தது. அதையும் ரோல்ஸ் வித்த காசு எண்டு எழுதிப்போட்டன்.”

“ஏன் மாமி?”

“வருமானம் காணாதெண்டால் அக்காவைக் கூப்பிட ஏலாதாம். கோயில்ல சொன்னவை.”

“அது பொய்யெல்லோ?”

“குறைச்சுச் சொன்னால்தானே களவு? நான் கூட்டியெல்லோ சொன்னனான். அதுக்கு வரியும் கட்டினனான்” என்றார். கட்டியிருந்தார், உண்மைதான். தான் சேர்த்த காசுக்குத் தானே வரி கட்டி, அந்த ரசீதைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்.

அக்கா என்பது யாழ்ப்பாணத்தில் இருந்த மாமியின் ஒரே சகோதரி. மாமி நாட்டை விட்டு வந்த பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. யுத்த நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்தது. மாமியின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பெரியம்மா வந்து தாலிக்கொடியைத் தொட்டுத் தர வேண்டும் என்பது மாமிக்கு ஒரே பிடிவாதம். அவரை அழைப்பதென்றால் செலவுக்கெல்லாம் நானே பொறுப்பு என்று இங்கே ஒருவர் வெளிநாட்டவர் கந்தோரில் கையெழுத்து வைக்க வேண்டும். வைப்பவருக்குப் போதிய வருமானம் இருப்பதை வரிக் கந்தோரின் புதிய கடிதம் காட்ட வேண்டும். என் கணவர் அப்போது படித்துக்கொண்டிருந்தார், என் சம்பளம் எங்கள் இருவருக்கே இழுபறி. ஆகவே எல்லாம் மாமியின் ரோல்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் எப்படியோ கசிந்து, அன்றே பஸ் அண்ணையின் தொலைபேசி வந்தது. அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். மாமி சேர்ந்த சீட்டைப் பிடித்து நடத்தியவரும் அவர்தான். ஆறடி உயரம், மீசை, கோயில் தேர் இழுக்கும்போது அவர் குரல்தான் முன்னுக்குக் கேட்கும். அந்தக் குரல் அன்று நடுங்கியது. “பிள்ளை, என்ர பேர் மட்டும் உங்கட வாயில வரப்படாது. சீட்டுப் பிடிக்கிறன் எண்டு தெரிஞ்சால் பஸ்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள்.” பஸ் உங்களுடையது இல்லையே அண்ணை என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

அதிகாரி ஓர் ஒல்லியான அம்மா. கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் மாவை வாங்கிவிட்டு விற்பனையை ஒளித்தவர்களைத்தான் தான் கண்டிருப்பதாகவும், மாவே இல்லாமல் விற்றுக் காட்டியவரை இப்போதுதான் காண்பதாகவும் சொன்னார். கணக்குப் போட்டுத் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். அந்த மாவில் அத்தனை ரோல்ஸ் செய்வதென்றால் தோல் கடதாசியைவிட மெல்லிசாக இருக்க வேண்டும். “நான் மெல்லிசாத்தான் ஊத்துவன் எண்டு சொல்லு” என்று மாமி என் விலாவில் இடித்தார். சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் சாட்சிக்குப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து ஒரு ரோலைக் குனிந்து பார்த்தார். நல்ல தடிப்பாகத்தானே இருக்கிறது என்றார். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. வரி ஏய்ப்பு என்று சொல்லியிருந்தாலும் அவருக்கு அவ்வளவு நோவாது.

பிறகு உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒரு ஜெர்மன்காரிக்குச் சீட்டை விளங்கப்படுத்துவதைப் போல் கஷ்டமான வேலையை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார். இல்லை. வங்கி எது? இல்லை. நடத்துபவர் யார்? மாமி கொஞ்சம் யோசித்து, “ஒரு நல்ல மனுசன் எண்டு சொல்லு” என்றார். நான் அப்படியே சொன்னேன். காசை எடுத்தவர் மறுமாதம் ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். மாமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “எங்கை ஓடுறது? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரத்தானே வேணும்.” அதை மொழிபெயர்த்தபோது அதிகாரி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவர் நியாயமான மனுசி. தான் போட்ட காசையே திரும்ப எடுத்தால் அது வருமானமில்லை, போன வருடத்தைத் திருத்தினால் கட்டிய வரி திரும்ப வரும் என்றார். ரோல்ஸை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டார். மாமி பெட்டியை வெளியே கொண்டுவந்து, நடையில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கோயில் பிரசாதம் மாதிரிக் கொடுத்தார். வரிக் கந்தோருக்கு வந்தவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் திருத்திய கடிதத்தில் இருந்தது மாமியின் உண்மையான வருமானம். வெளிநாட்டவர் கந்தோரில் அதைப் பார்த்ததுமே காணாது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். திரும்பி வந்த வரிக்காசை மாமி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. குசினியில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். “அக்காட்டை நான் என்னெண்டு சொல்லுறது?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். உண்மையைச் சொன்னதற்குக் கூலி இதுதானா என்று எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பஸ் அண்ணை மேலும்தான். தன் பேர் தப்பியதோடு அவர் ஆளே காணாமல் போய்விட்டார் என்று நினைத்தேன்.

அவர் வந்தார். சீருடையோடு, சம்பளத் துண்டுகளைக் கடித உறைக்குள் போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். “நாளைக்கு வாங்கோ அக்கா, நான் கையெழுத்து வைக்கிறன்.” சொந்தத் தம்பிக்கே கையெழுத்து வைக்க யோசிக்கிற காலம் அது. வந்தவருக்கு நோய் வந்தாலும், திரும்பிப் போகாவிட்டாலும் கையெழுத்து வைத்தவர்தான் அழ வேண்டும். உங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று மாமி மறுத்தார். மறுநாள் காலை அவர் எங்களுக்கு முன்னாலேயே போய் வெளிநாட்டவர் கந்தோர் வரிசையில் நின்றார்.

வருபவர் உங்களுக்கு என்ன உறவு என்று அலுவலர் கேட்டார். தெரிந்தவர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணை முந்திக்கொண்டார். சகோதரி என்று ஜெர்மனில் திடமாகச் சொன்னார், அலுவலரும் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். இல்லாத ரோல்ஸால் பட்டது போதாதென்று இல்லாத அக்கா வேறா அண்ணை என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எங்கட வீட்டிலை கூப்பிடுறதுக்கு ஒருத்தரும் மிஞ்சேல்லை பிள்ளை. என்ர அக்கா இருந்திருந்தால் அவவுக்கும் இந்த வயசுதான்.”

சகோதரி என்று எழுதிய அந்தக் கடிதத்தைக் காட்டி விசா எடுத்து, பெரியம்மா ஆடி முடிவதற்குள் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் இரண்டு கிழவிகளும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் காவலாளி ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பெரியம்மா கேட்டார்: “எங்கை என்ர தம்பி?” பெட்டிகளுக்குத் தள்ளுவண்டி எடுத்துவருகிறேன் என்று போன பஸ் அண்ணையை நான் தேடிப் போனேன். அந்த ஆறடி மனுசன் வெறும் வண்டியைப் பிடித்தபடி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். அக்கா கூப்பிடுறா, வாங்கோ அண்ணை என்றேன்.