பதினொன்றாம் கட்டிலின் கப்பல்

பட்டாளக் கட்டடத்தின் கிழக்குக் கூடத்தைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் சுண்ணாம்பு அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக அதற்கு வெள்ளையடித்தவர் அவர்தான். நாட்டை ஆண்ட அயலாரின் சிப்பாய்கள் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்த கூடம் அது. அவர்கள் மூட்டை கட்டிய பிறகு உடைந்த நாற்காலிகளுக்குக் கிடங்கானது. அரசாங்கத்துக்குக் கிடங்கு என்றால் கொள்ளை ஆசை.

வெள்ளையடிக்கும் முன் பழைய பூச்சைச் சுரண்டியாக வேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணனும் சுரண்டத்தான் தொடங்கினார். பதினொன்றாம் கட்டில் கிடந்த இடத்தில், கத்தி முனையால் கீறிய கப்பல் ஒன்று வெளிப்பட்டது. பக்கத்தில் நாள் எண்ணிய கோடுகள், நூற்றுக்கும் மேல். எவனோ ஊருக்குப் போக ஏங்கியிருக்கிறான், பாவம் என்று நினைத்தார். அதைவிட, தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. மேலேயே ஒரு பூச்சு பூசிவிட்டு, 'சுரண்டிப் பூசப்பட்டது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ருசி கண்ட கை சும்மா இருக்குமா? அடுத்த முப்பது ஆண்டும் அதே கையெழுத்துதான்.

ஆய்வுக்கு வந்த மரபுத்துறை அம்மா அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் இடிக்கலாம் என்றார். முப்பத்தொரு தடவை சுரண்டிய சுவரில் பழையது என்ன மிஞ்சும்?

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. ரிட்டயர் ஆக நாலு மாசந்தான் இருக்கு" என்றாள் மனைவி.

"நான் எழுதின பொய்க்கு ஒரு கட்டடத்த இடிக்கிறதா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மரபுத்துறை அம்மாவைக் கூடத்துக்கு அழைத்து வந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, பதினொன்றாம் கட்டில் இடத்தில் கொஞ்சமும் தயங்காமல் சுரண்டும் தகட்டை வைத்தார். பூச்சு பட்டை பட்டையாக உரிந்தது. முதலில் பாய்மரம், அப்புறம் கோடுகள். அந்த அம்மா கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, இதைக் காப்பாற்றத்தானே சுரண்டாமல் விட்டீர்கள் என்று அவரே தப்பிக்க வழியும் காட்டினார். தலையாட்டியிருந்தால் மாலை விழுந்திருக்கும்.

"இல்லீங்கம்மா. கை வலிச்சுது, அதான்."

இடிப்பு நின்றது. நான்காம் நாள் அண்ணன் பெயருக்கு ஆணை வந்தது. வேலை போகவில்லை. கிழக்குக் கூடத்தின் நான்கு சுவர்களிலும், கீழே உள்ள ஒரு கோடும் கெடாமல், முப்பத்தொரு பூச்சையும் அவரே சுரண்டி எடுக்க வேண்டுமாம்.

மனைவி அதை இரண்டு தடவை உரக்க வாசித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அண்ணன் தோளைத் தடவிக்கொண்டே மழுங்கிய தகடு ஒன்றைத் தேடத் தொடங்கினார்.