வேற்றுக்கிரகவாசிக்கு நான் எழுதிய வசவு

நான் எழுதிய ஒரே ஒரு வரி அரியலூர் மாவட்டத்தையே கெடுத்துவிட்டது என்று ஒரு ராத்திரி முழுசாக நம்பினேன். டப்பிங் வசனம் எழுதுகிறவனுக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாது. திரையில் பெயர்கூட வராத வேலை இது.

வீடு ஜெயங்கொண்டத்தில். வெளிநாட்டு சீரியல்களுக்குத் தமிழ் வசனம் எழுதிச் சென்னைக்கு மெயிலில் அனுப்புவேன். அப்போது கையில் இருந்தது ஒரு சூப்பர்ஹீரோ சீரியல். கிரகம் அழிந்து பூமிக்கு ஓடி வந்தவர்களின் கதை. ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குவார்கள். ஆனால் அதை மறைத்துக்கொண்டு கிடங்கில் மூட்டை சுமப்பார்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுவார்கள். பிழைக்க வந்தவர்களின் கதைக்குத்தான் இப்படி வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் இரண்டாவது எபிசோடில் புரிந்துவிடும். எனக்கு நான்காவதில் புரிந்தது.

ஆறாவதில், சந்தைக்குள் அவர்களில் ஒருவனைக் கும்பல் மறிக்கிறது. ‘உன் கிரகத்துக்கே திரும்பிப் போ’ என்று எழுதி அனுப்பினேன். டப்பிங் டைரக்டர் போன் செய்தார்.

“அண்ணே, க்ரவுட் வாய்ஸ் சப்புன்னு இருக்கு. பாடப்புத்தகம் படிக்கிற மாதிரி திட்டுறாங்க. நம்ம ஊரு ஆளு திட்டுற மாதிரி குடுங்க.”

அரை மணியில் கொடுத்தேன்: “வந்த எடத்துல வாலச் சுருட்டிக்கிட்டு இரு. இல்ல, மூட்டையக் கட்டு!”

திரையில் வாயசைப்போடு அச்சாகப் பொருந்தியது. “பின்னிட்டீங்கண்ணே” என்றார். மூன்று நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். செல்வி அக்கா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பரிமாறுகிறவர் பினோத், ஜார்க்கண்ட்காரர், முப்பது வயதிருக்கும். சிமெண்ட் லாரிகள் வைத்திருக்கும் ஒருவர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சார், வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. ஆளுங்க உள்ள வர வழியில்ல” என்றார் பினோத்.

லாரிக்காரர் எழுந்துவிட்டார். “யாருக்குடா சொல்ற? வந்த எடத்துல வாலச் சுருட்டிக்கிட்டு இரு. இல்ல, மூட்டையக் கட்டு!”

என் வரி. ஒரு புள்ளி பிசகாமல் என் வரி! வாயிலிருந்த ரசச்சோறு மூக்கு வழியாக வரப் பார்த்தது.

அவர் செல்வி அக்கா பக்கம் திரும்பினார். “நாளன்னைக்கு வருவேன். இவன் இங்க நின்னான்னா, என் டிரைவருங்க பன்னெண்டு பேரும் இந்தக் கடையில கை நனைக்க மாட்டாங்க.”

வசனம் எழுதுகிறவன் எழுந்து நாலு வார்த்தை கேட்க வேண்டாமா? எழுந்தேன். மெஸ்ஸே என்னைப் பார்த்தது.

“அக்கா, மோர் இருக்கா?” என்றேன்.

வீட்டுக்கு வந்து டைரக்டருக்கு ஒன்பது தடவை போன் அடித்தேன். மறுநாள் காலையில்தான் எடுத்தார்.

“அந்த வரியத் தூக்கிடுங்க தம்பி. அதக் கேட்டுட்டு இங்க திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் பொழப்பே போகப் போவுது!”

“அண்ணே, டீ குடிச்சீங்களா? அந்த எபிசோடு இன்னும் வரவேயில்ல. மிக்ஸிங் முடிஞ்சு சும்மா கெடக்கு.”

மூன்றாம் நாள் முதல் ஆளாக மெஸ்ஸுக்குப் போனேன். “அந்த லாரிக்காரரு இந்த வார்த்தைய எங்கக்கா புடிச்சாரு?”

“ரெண்டு வருசமா பினோத்த அதச் சொல்லித்தான திட்டுறாரு? நீங்ககூட ஒருநாள் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே பில்லுக்குப் பின்னால எழுதிக்கிட்டீங்களே. பேனா குடுத்ததே நான்தான்.”

லாரிக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். செல்வி அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“எங்க வூட்டுக்காரரு பதினோரு வருசமா துபாய்ல தட்டு கழுவுறாருங்க. அவரு மொதலாளிகிட்ட எவனாவது போயி இப்படி நின்னா நான் என்ன ஆவேன்? பினோத்து இங்கதான் இருப்பாரு. சாப்புடுறதுன்னா உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. டிரைவர்கள் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். அன்றைக்கு மீன்குழம்பு.

சீரியலில் அந்த வேற்றுக்கிரகத்தான், ஆற்றில் விழப்போன பஸ்ஸைத் தூக்கி நிறுத்துவான். கும்பல் கைதட்டி, இங்கேயே இருந்துகொள் என்று சொல்லும். பினோத் எதையும் தூக்கவில்லை. சாம்பார் வாளியைத்தான் தூக்கினார். பஸ்ஸைத் தூக்கினால்தான் ஒருவர் ஓர் ஊரில் இருக்கலாமா என்பது, எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வசவைக் குறித்துக்கொண்டால், அதை யார் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த மாதம் அந்த எபிசோடு மெஸ் டிவியில் ஓடியது. கும்பல் கத்தியதும் பினோத் வாளியோடு நின்றுவிட்டார்.

“சார், நீங்க டிவிக்கு எழுதுறவருதான? இது நம்ம லாரிக்காரரு பேசுறதாச்சே. யாரு எழுதுனது?”

“நான்தான்.”

பினோத் எனக்குச் சாம்பார் ஊற்றினார். அடுத்த இலைக்குப் போனார்.