பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை மேலே

நான்கு அடி ஒன்பது அங்குலம். 1998-இல் பிரிசில்லாவின் உண்மையான உயரம் அதுதான். பெங்களூரில் அவளைத் தவிர அதை அறிந்தவர் ஒரே ஒருவர்: சந்தாபுரா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செருப்புத் தைப்பவர். எந்த ஜோடி வாங்கினாலும் அவரிடம் கொண்டுபோய் இரண்டரை அங்குலத்துக்கு ஹீல் ஒட்டச் சொல்வாள்.

கோலார் தங்கவயலில் படித்த காலத்தில் பள்ளி வரிசையில் முதல் ஆள் அவள்தான். சர்ச் பாட்டுக் குழுவிலும் முன்வரிசை ஓரம். கல்லூரிக்குப் போகிற வயதில்கூட ஒரு கண்டக்டர், "அர்தா டிக்கெட்டா, புட்டி?" என்று சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல அரை டிக்கெட்டுக்குக் கேட்டு, பஸ்ஸையே சிரிக்கவைத்தார். அந்த வாரமே முதல் ஹீல்ஸ் வாங்கினாள். சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா ஹெர்பர்ட், "இன்னாம்மா, ராத்திரியில வளந்துட்டியா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் அவள் விடவில்லை.

வேதியியல் பட்டம் வாங்கி, ஆனேக்கல் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்தாள். வயிற்றெரிச்சலுக்கான டானிக் ஒவ்வொரு தொட்டியாகத் தயாராகும்போது அதன் வீரியத்தைப் பார்ப்பது வேலை. கருவி பியூரெட். கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு திருகு. உச்சியில் இருக்கும் பூஜ்யம் வரை அமிலத்தை நிரப்பி, கீழே குடுவையில் இருக்கும் டானிக்கின் நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு இறங்கியது என்று படிக்க வேண்டும். திரவத்தின் மேற்பரப்பு கிண்ணம்போலக் குழிந்து நிற்கும். குழியின் அடியைப் பார்க்க வேண்டும், கண்ணும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். ஏழு வருடத்தில் பிரிசில்லாவின் அளவை யாரும் திருத்தியதில்லை.

ஜூன் மாதம் ஆய்வகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஏசி, கூடவே ஒரு சட்டம்: வெளிச்செருப்பு உள்ளே வரக் கூடாது. வாசலில் எல்லோருக்கும் தட்டையான ரப்பர் செருப்பு. கண்ணாடிப் பாத்திரம் கழுவும் லட்சுமம்மா அதற்குக் காவல். செருப்பு மாறியதும் பிரிசில்லாவின் வெள்ளைக் கோட்டு தரையைத் தடவியது. யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்கு எடுத்துப்போய் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் குழப்பம் வெடித்தது. புதிதாகப் பெரிய ஆர்டர் கொடுத்தவர்கள், ஒவ்வொரு மாதிரியையும் இருவர் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் ஆள் மல்லேஸ்வரத்திலிருந்து வரும் கோதண்டராமன், ஆய்வகத்தில் மூத்தவர். அவருக்கு 18.4 மில்லி வந்தால் அவளுக்கு 18.3. அவருக்கு 18.6 என்றால் அவளுக்கு 18.5. எப்போதும் அவளுடையதுதான் குறைவு.

"கண்ணாடி போடற வயசு வந்துடுத்தோ என்னமோ," என்றார் கோதண்டராமன்.

"உங்க கண்ணாடியைத் தொடச்சிப் பாருங்க சார் முதல்ல."

அவர் சிரித்துக்கொண்டே துடைத்தார். அடுத்ததும் அப்படியேதான் வந்தது.

மேலாளர் கணேசமூர்த்தி நல்லவர், ஆனால் அவசரக்காரர். புதன்கிழமை கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ரெண்டு பேரும் என் முன்னாடி ஒரே மாதிரியைப் பண்ணுங்க. ஒத்து வரலேன்னா கொஞ்ச நாள் நீங்க பேக்கிங்ல இருங்க பிரிசில்லா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். பேக்கிங்குக்குப் போன எவரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

அதிலிருந்து அவளால் உட்கார முடியவில்லை. பியூரெட்டை மாற்றினாள். குழாயைக் கழுவிக் கழுவி லட்சுமம்மாவின் வாயில் விழுந்தாள். மட்டம் தெளிவாகத் தெரியக் குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பிடித்தாள். மேலே மறந்து வைத்த புனலிலிருந்து சொட்டு விழுகிறதா, திருகுக்குக் கீழே காற்றுக் குமிழி நிற்கிறதா என்று பார்த்தாள். முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, கடைசி அளவைக் கண்மட்டத்தில் படித்தாள். கோதண்டராமனே வந்து குனிந்து பார்த்தார். "சரியாத்தானே படிக்கறே?" என்று தலையைச் சொறிந்தார். கண் டாக்டரும் கண்ணில் கோளாறு இல்லை என்றார். அது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை. வியாழன் இரவு தூக்கத்தில்கூட ஏதோ சொட்டியது.

வெள்ளி மதியம் ஒத்திகைக்காகப் பியூரெட்டைப் பூஜ்யத்தில் நிறுத்திய நேரத்தில், செக்யூரிட்டி அறையில் போன் என்று கூப்பிட்டார்கள். வாசலில் தன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். தவறான நம்பர். எரிச்சலோடு திரும்பியவள் செருப்பைக் கழற்ற மறந்து நேராக மேஜைக்கே வந்துவிட்டாள்.

"சப்பலி, சப்பலி," என்று பின்னால் லட்சுமம்மா செருப்பையும் வாசலையும் காட்டிக் குரல் கொடுத்தாள். "ஆச்செ விட்டுட்டு வா தாயி."

பிரிசில்லா நகரவில்லை. குழாயில் திரவம் பூஜ்யக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

திருகு ஒழுகியிருக்குமோ என்றுதான் முதலில் கை போனது. ஒழுகினால் இறங்கும். ஏறாது. யாராவது ஊற்றினார்களா என்று கேட்டாள். "நான் ஏன் அதைத் தொடறேன்?" என்றாள் லட்சுமம்மா.

செருப்பைக் கழற்றினாள். திரவம் கோட்டில் நின்றது. மாட்டினாள். மேலே. கழற்றினாள். கோட்டில்.

"பேய் கீய் பிடிச்சுக்கிச்சா உனக்கு?" என்றாள் லட்சுமம்மா, துடைப்பத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி.

கடைசி அளவு கீழே இருப்பதால் எல்லோரும் குனிந்து படிக்கிறார்கள். அதில் பிழை இல்லை, எல்லோர் கண்ணும் அங்கேதான் தேடியது. பூஜ்யமோ உச்சியில். ஹீல்ஸ் இருந்தவரை அது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. ஜூன் முதல் அதை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். கீழிருந்து பார்த்தால் கோட்டைத் தாண்டி நிற்கும் திரவமும் கோட்டிலேயே நிற்பதாகத் தெரியும். தாண்டி நின்ற அந்தத் துளி, கணக்கில் ஏறாமலே குடுவைக்குள் இறங்கியிருக்கிறது.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். கால் பெருவிரலில் எம்பி நின்று படித்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. முயன்று பார்த்தாள். எம்பினால் கண் நிலைக்கவில்லை. லட்சுமம்மாவைக் கெஞ்சி ஹீல்ஸோடு நுழையலாம். இன்றைக்குச் சரி. ஜூனிலிருந்து அவள் கையெழுத்தில் வெளியே போன தொட்டிகள்?

கணேசமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோதண்டராமன் தன் சோதனையை முடித்து, சீட்டை மடித்து அவரிடம் கொடுத்தார். பிரிசில்லா பியூரெட்டை நிரப்பிவிட்டு நின்றாள்.

"சார், ஒரு பெட்டி வேணும். பாட்டில் வெச்சி வருதே, அந்த மரப்பெட்டி."

"எதுக்கு?"

"ஏறி நிக்க. நான் குட்டை சார். செருப்பு போட்டாத்தான் பூஜ்யம் என் கண்ணுக்கு நேரா வரும்."

கோதண்டராமன் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார், கோட்டு ஓரத்து மடிப்பில் கண் நின்றது. "அடி சக்கை," என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமா என் தோளுக்கு இருக்கேன்னு நெனச்சிண்டிருந்தேன்."

"அதுக்குத்தான் சார் அவ்ளோ செலவு பண்ணேன்."

லட்சுமம்மா பெட்டியைக் கொண்டுவந்து தன் கையாலேயே துடைத்து வைத்தாள். பிரிசில்லா ஏறினாள். பூஜ்யத்தை நேராகப் பார்த்து மயிரிழையைக் குறைத்தாள். திருகினாள். நிறம் மாறியது. இறங்கி, குனிந்து படித்தாள்.

"பதினெட்டு புள்ளி நாலு."

கணேசமூர்த்தி கையிலிருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்து, மேஜைமேல் வைத்தார். அதிலும் 18.4. "பேக்கிங் வேண்டாம்," என்றார். கதவுவரை போய்த் திரும்பி, "ஜூன்லேருந்து நீங்க பாத்தது எத்தனை தொட்டி?" என்றார்.

"அதைத்தான் சார் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் எடுத்து வைத்த மாதிரிகள் பின்கட்டு அலமாரியில் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை பிரிசில்லாவும் கோதண்டராமனும் ஜூன் மாதத்து முதல் பாட்டிலிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்குகிறார்கள்.