பதினைந்து கிலோ இருநூறு

லேபிள் ஒட்டும் அக்காவின் நாத்தனாருக்கு யாரோ சொன்னார்களாம். எந்த ஊர், எந்த வண்டி, எதுவும் தெரியாது. காரில், வளர்ந்த பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைத்து காரின் பெல்ட்டையே மாட்டிவிடுகிற பூஸ்டர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு, அப்பா சடாரென்று பிரேக் போட்டதும் பெல்ட் கழுத்தில் ஏறிவிட்டதாம்.

"பிள்ளைக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள போன் கட்டாயிடுச்சு."

தராசருகே இருந்த கிராம் அண்ணன் நிமிரவே இல்லை. "எடைக்கேத்த சீட்டா இருந்திருக்காது. நான் வாங்கின பூஸ்டர்ல பதினஞ்சு கிலோவுக்கு மேலன்னு எழுதியே இருக்கு. படிக்காம உட்கார வெச்சா அப்படித்தான்."

சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எங்கள் பார்சல் ஆபீசில் பத்தொன்பது வருடம். பெட்டியைக் கையில் தூக்கியே எடை சொல்வார். தராசு ஐம்பது கிராம் மாற்றிக் காட்டினால் தராசைத்தான் சந்தேகப்படுவோம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். வீட்டிலும் அவரை ஆட்டிவைத்தது எடைதான். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, குறைமாதத்தில் பிறந்த மகள். அரைக் கிலோ ஏறினால் எங்களுக்கெல்லாம் பிஸ்கட் வரும். நாலரை வயதாகியும் ஐந்து வார் போட்டுக் கட்டுகிற சின்னக் குழந்தை சீட்டிலேயே அவள் இருந்தது அவருக்குப் பெரிய மனக்குறை.

போன சனிக்கிழமை, நல்ல குளிர். வெளியிலிருந்து வந்த வேகத்தில் அவளைத் தூக்கிப் பார்சல் தராசில் நிறுத்தினார். பதினைந்து கிலோ இருநூறு! எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். அன்று மாலையே பூஸ்டர் வாங்கிவிட்டார்.

இன்று காலை அவர் தம்பி, விடுமுறைக்கு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆபீசுக்கே காரில் வந்திருந்தார். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம்.

"பழைய சீட்டும் டிக்கில கிடக்கட்டுமே அண்ணே."

"எதுக்குடா? என் பொண்ணு வளர்ந்துட்டா. நீதான் இன்னும் வளரல."

பூஸ்டரில் உட்கார்ந்த மகளுக்கு பெல்ட் தோளின் நடுவில் வராமல் கழுத்தோரமாகப் போயிற்று. கோட்டுக் காலரைத் தூக்கி இடையில் செருகினார். "ஓட்டும்போது போனை எடுத்தே, கையை ஒடிச்சிடுவேன்" என்று தம்பியை மிரட்டி அனுப்பினார். பழைய சீட் கவுண்டருக்கு அடியில் போனது.

அவர்கள் கிளம்பிய பிறகுதான் அக்கா அந்தப் பெல்ட் கதையைச் சொன்னார்; சொல்லி அரைமணி இருக்கும். ஒருவர் பெரிய பெட்டியோடு வந்து மல்லுக்கு நின்றார்.

"உள்ள இருக்கற சாமான் பத்தொம்பது கிலோதான் சார். உங்க தராசு என்ன இருபத்தொண்ணுங்குது?"

"கட்டோட சேர்த்துத்தான் சார் எடை. இருபதைத் தாண்டினா போகாது. அட்டை, தெர்மோகோல், கயிறு, எல்லாம் சேர்த்து..."

கிராம் அண்ணனின் பேச்சு பாதியில் நின்றது.

"அண்ணே?"

"சனிக்கிழமை அவ கோட்டைக் கழட்டல," என்றார். "பூட்ஸையும் கழட்டல. முதுகுல பை வேற."

பத்தொன்பது வருடமாக எதையும் பிரித்து எடை போட்டுப் பழகாத மனிதர்.

"கோட்டுப் பாக்கெட் நிறைய கல்லு. போற வழியெல்லாம் பொறுக்குவா."

"அப்போ எவ்வளவுதான் இருப்பா?"

தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "காலையில கோட்டு போடறதுக்கு முன்னாடி தூக்கினப்பவே கைக்குத் தெரிஞ்சுது. பதிமூணு சொச்சம். தராசுதான் சொல்லிடுச்சேன்னு விட்டுட்டேன்."

அக்கா பதறினார். "ஐயோ, அது சும்மா யாரோ கிளப்பிவிட்டதுப்பா. என் நாத்தனார் வாயைப் பத்தித் தெரியாதா?"

அவர் காதில் விழவில்லை. தம்பிக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். 'அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்து. பழைய சீட்டோடு வருகிறேன். அதுவரை கிளம்பாதே' என்று செய்தியும் அனுப்பினார். படித்த அடையாளம் வரவில்லை.

நான் வேன் சாவியை எடுத்தேன். அவர் பழைய சீட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, மடியில் வைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டிக்காரர் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்.

"எடுடா," என்றார் போனைப் பார்த்து. உடனே, "ஐயோ, ஓட்டிக்கிட்டே எடுக்காதடா, ஓரமா நிறுத்திட்டு எடு."

நான் வண்டியைத் தெருவில் இறக்கினேன். அவர் மடியில், அந்தச் சின்ன சீட்டுக்குள் கிடந்த போனில், ஆறாவது முறையாக மணி போய்க்கொண்டிருந்தது.